நேரமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதும் முன்

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன் லண்டன் வாடிக்கையாளருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். "ஐ ஹேவ் நோ டைம் ஃபார் யுவர் டீம் திஸ் வீக்." அனுப்பாதே தம்பி என்று அவசரமாக மவுஸைப் பிடுங்கினேன். இதே வரியை ஒரு காலத்தில் நான் அனுப்பியேவிட்டேன், பிடுங்க ஆளில்லை.

'டைம் இஸ் நாட் தேர்' மாதிரியான பிழைகளை விட்டுவிடுகிறேன். இரண்டு மாதத்தில் தானாக உதிர்ந்துவிடும்.

ஆளுக்கு முன்னால் 'ஃபார்'

அப்போது மாதக்கடைசி. இங்கிலாந்து அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் அரைமணி நேரம் பேசவேண்டும் என்றார். நான் அவருடைய மேலாளருக்கு எழுதியது: "ஐ ஹேவ் நோ டைம் ஃபார் ஹிம்." இந்த வாரம் தோதுப்படாது என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. அங்கே அதற்கு, அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று அர்த்தம். 'நோட்டட்' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அடுத்த வேலை வேறு குழுவுக்குப் போனது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே விளங்க ஒரு வருஷம் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

தமிழில் 'எனக்கு நேரமில்லை' என்றால் நேரம் இல்லை, அவ்வளவுதான். மழை இல்லை என்பது போல. யார் மேலும் பழி கிடையாது. ஆங்கில 'ஹேவ்' நேரத்தை என் கைப்பொருளாக்கிவிடுகிறது. கைப்பொருளை ஒருவருக்குத் தரமாட்டேன் என்றால் அவருக்குச் சுருக்கென்று படாதா?

'டைம்' என்பதற்குப் பின்னால் 'டு' போட்டு வேலையைச் சொன்னால் வம்பில்லை: "ஐ டோன்ட் ஹேவ் டைம் டு ரீட் இட் டுடே." ஆள் விஷயமென்றால் நேரத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, "குட் வீ ஸ்பீக் ஆன் மண்டே?" என்று கேட்டுவிடுங்கள்.

இதற்குத் தலைகீழும் உண்டு. பிரிட்டிஷ்காரர் ஒருவர் "ஐ ஹேவ் எ லாட் ஆஃப் டைம் ஃபார் ஹெர்" என்றால், அந்தப் பெண்மேல் அவருக்கு நல்ல மதிப்பு. என் தோழி ஒருத்தி, மனிதர் சும்மாதான் இருக்கிறார் என்று நினைத்து அன்று மாலையே மீட்டிங் போட்டுவிட்டாள்.

'ஃபைண்ட்' வேறு, 'மேக்' வேறு

'ஃபைண்ட் டைம்' என்றால் கை ஒழிந்தால் பார்க்கிறேன். 'மேக் டைம்' என்றால் மற்றதைத் தள்ளிவைத்தாவது பார்க்கிறேன். "இஃப் ஐ ஃபைண்ட் டைம்" என்று மேலதிகாரிக்கு எழுதிவிட்டு, அப்புறம் அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று கேட்காதீர்கள்.

'டு யூ ஹேவ் த டைம்?'

கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வார்கள். ஓய்வு இருக்கிறதா என்று கேட்பதென்றால் 'த' வேண்டாம்.

'ஸ்பெண்ட் டைம் டு ரீட்'

'டு ரீட்' இல்லை, 'ஸ்பெண்ட் டைம் ரீடிங்'.

'டேக் யுவர் டைம்'

நேரில் சிரித்துக்கொண்டே சொல்லலாம். தாமதமாகப் பதில் போட்டவருக்கு எழுத்தில் அனுப்பினால் குத்தலாகிவிடும்.

பையன் வரியை மாற்றி அனுப்பிவிட்டான். மேலே இருந்த 'ரெஸ்பெக்டட் சார்' என்பதை எடுக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.