கையெழுத்து போட்டதோடு முடியாது: பரஸ்பர விவாகரத்தில் நடக்கும் தவறுகள்

"ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே, அப்புறம் கோர்ட் எதுக்கு?" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி சீல் வாங்கி பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. 'அத்துவிட்டாச்சு' என்று ஊரே ஒத்துக்கொண்டாலும், அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபிக்க முடியாதவரை சட்டத்தின் கண்ணில் திருமணம் அப்படியேதான் இருக்கிறது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரும்.

சரி, கோர்ட்டுக்கே போகிறீர்கள். பரஸ்பர விவாகரத்துக்கான இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு, மனுப் போடும் முன் ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. அவசரத்தில் பிரிந்த தேதியை முன்னால் இழுத்துப் போடுகிறார்கள். விசாரணையில் 'எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள்?' என்று கேட்கும்போது கணவர் ஆடி என்பார், மனைவி தை என்பார். பொய்த் தேதி தேவையும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

முதல் மனுவுக்கும் அடுத்த கட்டமான இரண்டாம் வாக்குமூலத்துக்கும் நடுவில் 6 மாதக் காத்திருப்பு உண்டு. அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்ததிலிருந்து, அது தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தனி மனு வேண்டும். முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். அப்போதும் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். இதை நம்பி மறுமணத்துக்கு மண்டபம் புக் செய்யாதீர்கள்.

அந்த 1991 தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: தீர்ப்பு வரும் நாள்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும், நடுவில் யாரும் பின்வாங்கலாம். அதனால் மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடுவது அசட்டுத்தனம். 'கடைசியில் பார்த்துக்கலாம்' என்று எதுவும் வாங்காமல் கையெழுத்து போடுவதும் அப்படித்தான். முதல் மனுவில் ஒரு பங்கு, மீதி இரண்டாம் வாக்குமூலத்தன்று டிடியாக என்று எழுதிக்கொள்வது நல்லது.

சண்டை அதிகம் முளைப்பது ஒப்பந்தத்தின் சொற்களில்தான். "நகைகள் திருப்பித் தரப்படும்" என்று எழுதினால் போதாது. ஐந்து பவுன் ஆரம், இரண்டு பவுன் நெளி வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி, எந்தத் தேதிக்குள், யார் கையில் என்று எழுதுங்கள். "அப்பா நினைத்தபோது குழந்தையைப் பார்க்கலாம்" என்ற வரி பெருந்தன்மையாகத் தெரியும். மூன்றாம் மாதம் அதுவே வழக்காகும். எந்த ஞாயிறு, எத்தனை மணி, கோடை விடுமுறையில் யாரிடம் என்பது வரை வேண்டும். "குழந்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று ரோஷத்தில் எழுதித்தரும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: அது குழந்தையின் உரிமை, விட்டுக்கொடுக்க அது உங்களுடையது அல்ல.

வீட்டுக் கடன் இருவர் பேரிலும் இருந்தால், யார் கட்டுவது என்ற உங்கள் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், ஸ்டேஷனில் சமாதானமாகப் போவதாக எழுதிக் கொடுத்தால் அது முடியாது; உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதையும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

மனுவில் கையெழுத்து போடும் முன் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், திருமணச் சான்றிதழில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருக்கும். தீர்ப்பு நகலில் தப்பாக வந்துவிட்டால், திருத்த மறுபடி மனு, மறுபடி வாய்தா.