கோரா கேட்கப் பழகலாம்: கட்டைவிரலிலிருந்து தொடங்குங்கள்

மேற்கு ஆப்பிரிக்கத் தந்திக் கருவியான கோராவை முதன்முதலில் கேட்டபோது இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையில் ஒரே ஆள், அதுவும் நாலே விரல்: இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல். மிச்ச ஆறும் கைப்பிடிக் கம்புகளைப் பற்றிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் சமையல் நேரத்தில் ஓடவிட்டே பல மாதம் போக்கினேன். இனிமையாக இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் ஒரு ஹெட்போனும் ஒரு மேசையும் அரை மணி நேரமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: மேசைமேல் ஒரு கோரா

காம்பியா, செனகலின் காசமான்ஸ், கினி-பிசாவ், மாலி ஆகிய பகுதிகளின் மாண்டிங்கா மக்களுடைய கருவி இது. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட மரத்தண்டு செருகியிருப்பார்கள். தந்திகள் 21. முன்பு மான்தோல் வார், இப்போது மீன்பிடிக்கிற தங்கூசி. நடுவே நட்டமாக நிற்கும் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் துண்டு) இரு பக்கமும் தந்திகள் பிரிந்து ஓடும்: இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10.

தந்திகளை அடுக்கியிருக்கும் விதம்தான் வேடிக்கை. கனத்த குரல் கொண்ட முதல் நாலும் இடக்கையில். அதற்கு மேல் வலம், இடம், வலம், இடம் என்று மாறி மாறி ஏறும். உச்சியில் கடைசி மூன்றும் வலக்கை. அதாவது நடுப்பகுதியில் அடுத்தடுத்த ஸ்வரங்கள் எதிரெதிர்க் கையில் இருக்கும். ச, ரி, க, ம என்று பாடிக்கொண்டே மேசையில் வலது, இடது என்று தட்டிப் பாருங்கள். ஒரு நேர் ஆரோகணத்துக்கே இரண்டு கையும் வேண்டும். தண்ணீர் கொட்டுவதுபோல் ஸ்வரங்கள் உதிர்வதற்கு இந்த அடுக்கும் ஒரு காரணம்.

ஸ்ருதி முறைகளில் நாலு முக்கியமானவை. சவுத்தா என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள். அதில் நாலாவது ஸ்வரம் உயர்ந்திருக்கும். கல்யாணி கேட்டுப் பழகிய காதுக்குச் சட்டென்று தெரியும்.

படி 2: கும்பெங்கோவைப் பிடியுங்கள்

பாதி வேலை இதுதான். அவசரப்படாதீர்கள்.

திரும்பத் திரும்ப வரும் அடிச்சுற்றுக்குக் கும்பெங்கோ என்று பெயர். மேலே மின்னுகிற வேக ஸ்வரங்களைக் காதில் வாங்காமல், கட்டைவிரல் மீட்டும் கனத்த ஒலிகளை மட்டும் தேடுங்கள். சில நொடிகளில் ஒரே வரிசை திரும்பி வருவது தெரியும். அது வரும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டு. பத்துச் சுற்று தவறாமல் தட்ட முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

உங்கள் தட்டுக்கும் மரபில் இடமுண்டு. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கோராவின் குடுக்கையிலேயே தாளம் தட்டுவார். கொன்கொன்டிரோ என்பார்கள். பழகுகிறவர்களுக்குக் கிடைக்கும் வேலை அது.

படி 3: பிரிமிந்திங்கோ

இப்போது அந்த வேக ஸ்வரங்களுக்கு வரலாம். மேலிருந்து சரிந்து இறங்கும் கோவைகள்தான் பிரிமிந்திங்கோ. அவை வரும்போது கும்பெங்கோ மங்கும், சில சமயம் மறைந்தே போகும். நீங்கள் தட்டுவதை நிறுத்தாதீர்கள். கோவை முடிந்து உங்கள் தட்டிலேயே வந்து விழும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி.

மாலியின் துமானி டியாபாட்டே (1965–2024) 1988-இல் வெளியிட்ட தனிக் கோரா ஆல்பம் இந்தப் படிக்கு ஏற்றது. குரல் கிடையாது, வேறு கருவி கிடையாது.

படி 4: குரல் எதைச் செய்கிறது?

கோரா வாசிப்பவர் வெறும் வித்வான் அல்ல, 'ஜாலி' எனப்படும் பரம்பரைப் பாணர். குலவரலாறு, வம்சவரிசை, சமரசப் பேச்சு எல்லாம் பிறப்பால் அவர் பொறுப்பு. அந்தத் தொழிலுக்கு ஜாலியா என்று பெயர். பாடும்போது இரண்டு விதமான குரல் கேட்கும். மெட்டோடு திரும்பி வருவது டோங்கிலோ. மெட்டை விட்டுவிட்டு, மூச்சுப் பிடித்து, பேச்சும் பாட்டுமாகப் பொழிவது சத்தாரோ. கதை இருப்பது சத்தாரோவில்தான். மொழி தெரியாவிட்டாலும், கும்பெங்கோ அடங்கிக் குரல் வேகமெடுத்தால், யாரோ ஒருவருடைய முன்னோர் பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

படி 5: கேலேஃபாவோடு தொடங்குங்கள்

காம்பியாவில் கோரா மாணவர்கள் வழக்கமாக முதலில் கற்பது 'குருந்து கேலேஃபா'. உங்கள் பயிற்சிக்கும் அதையே எடுங்கள். கேலேஃபா சானே, காபு அரசைச் சேர்ந்த இளவரசர், போர்வீரர். ஜோக்காடு என்ற பகுதி மீது போர் தொடுத்த நியூமி நாட்டு மன்னருக்குத் துணையாகப் போய் அங்கேயே மாண்டார். அவருடைய ஜாலியே முதன்முதலில் கோரா வாசித்தவர் என்று ஒரு மரபுக்கதை உண்டு. ஜின் (கண்ணுக்குத் தெரியாத ஆவி) ஒன்றிடமிருந்து கோரா வந்தது என்பதும் அந்தக் கதைகளோடு சேர்ந்தே வரும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். பிரெஞ்சு ஆட்சி நடந்த மாலியில் டியாபாட்டே என்று எழுதும் குடும்பப் பெயரை, ஆங்கிலேயர் ஆண்ட காம்பியாவில் ஜோபார்ட்டே என்று எழுதுவார்கள். இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். அப்படித் தேடினால் சோனா ஜோபார்ட்டே கண்ணில் படுவார். ஆண்களே வாசித்துவந்த கோராவை ஜாலி குடும்பத்திலிருந்து தொழிலாக எடுத்துக்கொண்ட பெண். அவருடைய கட்டைவிரல்களை வீடியோவில் பாருங்கள். ஒலியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, விரலை மட்டும் பார்த்து மேசையில் தட்டுங்கள். பிறகு ஒலியைத் திறந்து, உங்கள் தட்டு எங்கே விழுகிறது என்று சரிபாருங்கள்.