ஹோட்டல் புள்ளிகளை விலைக்கு வாங்குவது எப்படி, எப்போது

திருகோணமலையிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ குடும்பமாகப் புறப்படுகிறவர்கள் விமானச் சீட்டின் விலையை நாட்கணக்காகப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். ஹோட்டல் அறையை மட்டும் கடைசி வாரத்தில் கண்ணில் பட்ட விலைக்கு எடுத்துவிடுவார்கள். அந்தச் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஹில்டன், மரியட், ஐ.எச்.ஜி., ஹயட் போன்ற நிறுவனங்கள் உறுப்பினர்களுக்கு வழங்கும் புள்ளிகளைத் தங்கித்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை, பணம் கொடுத்தும் வாங்கலாம். விலைக்கழிவுக் காலத்தில் வாங்கிய புள்ளிகளைக் கொடுத்து அறையை எடுத்தால், பணமாகக் கட்டுவதைவிடக் குறைவாக முடிவதுண்டு. ஆனால் தங்கும் திகதியும் ஹோட்டலும் முடிவாகாமல் ஒரு புள்ளியும் வாங்கக் கூடாது.

உள்ளூர்ப் பயணத்துக்கு இந்த வழி பெரும்பாலும் தேவைப்படாது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் தங்குமிடங்கள் பெரும்பாலும் உள்ளூர் உரிமையாளர்களுடையவை. மே முதல் செப்டெம்பர் வரையான பருவம் முடிந்ததும் அவற்றின் விலை தானாகவே இறங்கிவிடும். விசா நேர்முகத்துக்காகக் கொழும்பில் ஓர் இரவு தங்குவோரும், இலங்கையில் வசிப்போருக்கான ரூபாய் விலை எவ்வளவு என்று ஹோட்டலுக்கே தொலைபேசியில் கேட்பது நல்லது. அந்த விலையோடு வங்கிக் கடனட்டைக் கழிவும் சேர்ந்தால், வாங்கிய புள்ளிகள் அதற்கு ஈடாவது அரிது. வெளிநாட்டில், அதுவும் பாடசாலை விடுமுறை, டிசெம்பர் மாதம் போன்ற விலையேறிய காலங்களில்தான் இந்த வழி கைகொடுக்கும்.

முதல் வேலை, விரும்பிய நிறுவனத்தின் இணையத்தளத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுத்து இலவச உறுப்பினர் கணக்குத் திறப்பது. புதிய கணக்குகளுக்குப் பல நிறுவனங்கள் சில வாரங்கள்வரை புள்ளி விற்பதில்லை என்பதால், பயணம் தொலைவில் இருந்தாலும் கணக்கை இப்போதே திறந்து, விளம்பர மின்னஞ்சலுக்கும் சம்மதம் கொடுத்துவிடுங்கள். விலைக்கழிவு அறிவிப்புகள் அந்த வழியாகத்தான் வரும். ஒருவருக்கு வரும் சலுகை மற்றவருக்கு அப்படியே வருவதுமில்லை.

அடுத்தது கணக்கு. ஒரே ஹோட்டலை, ஒரே திகதிகளுக்கு, ஒருமுறை பண விலையிலும் ஒருமுறை புள்ளி விலையிலும் தேடுங்கள். பண விலையைப் பார்க்கும்போது இறுதித் தொகையைத்தான் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் அறை விலையின் மேல் 10 வீதச் சேவைக்கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9 வீத வரியும் ஏறும். எடுத்துக்காட்டாக, 200 அமெரிக்க டொலர் என்று காட்டும் அறை பணம் கட்டும்போது ஏறத்தாழ 240 டொலராகியிருக்கும். புள்ளிகளால் எடுக்கும் இரவுக்கு இந்த மேலதிகங்கள் பொதுவாக இல்லை. இந்த வழியின் பாதி இலாபம் இங்கேதான் இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

அதே அறை ஹில்டனுடையது, அதற்கு 35,000 புள்ளிகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 240 டொலரை 35,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 0.69 அமெரிக்கச் சதம் வருகிறது. அதற்குக் கீழே வாங்க முடிந்தால் இலாபம், மேலே போனால் நட்டம். ஹில்டன் புள்ளியின் வழக்கமான விலை ஒரு சதம். அந்த விலைக்கு வாங்கினால் இந்த அறை 350 டொலர் ஆகிவிடும், அதற்குப் பணத்தையே கட்டிவிடலாம். வாங்கிய அளவுக்கு இன்னொரு மடங்கு இலவசம் என்ற சலுகை வரும்போது விலை அரைச் சதமாக இறங்கி, அதே அறை 175 டொலருக்குக் கிடைக்கும். மரியட் புள்ளியின் வழக்கமான விலை 1.25 சதம், 40 வீதம் மேலதிகம் தரும் சலுகையிலும் அது 0.89 சதத்தில்தான் நிற்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் புள்ளியின் மதிப்பு வேறு என்பதால், ஒன்றின் விலையை இன்னொன்றோடு ஒப்பிடாமல் ஒவ்வொரு அறைக்கும் இந்த வகுத்தலைத் தனியாகச் செய்யுங்கள்.

தேடும்போது சாதாரண அறைக்கான புள்ளி விலைதானா என்று பாருங்கள். சாதாரண அறைகள் முடிந்ததும் அதே பக்கத்தில் மேல்தர அறைகள் பல மடங்கு புள்ளிகளுக்குக் காட்டப்படும். அவற்றை வாங்கிய புள்ளிகளால் எடுப்பது வீண் செலவு.

ஐந்து இரவு தங்குவோருக்குக் கணக்கு இன்னும் சாதகமாகும். மரியட்டில் ஐந்து இரவுகளைத் தொடர்ந்து புள்ளிகளால் எடுத்தால் அவற்றில் விலை குறைந்த இரவு இலவசம். ஹில்டனில் ‘சில்வர்’ எனப்படும் உறுப்பினர் தரமோ அதற்கு மேற்பட்ட தரமோ உள்ளவர்களுக்கு, புள்ளிகளால் எடுக்கும் ஐந்தாம் இரவு இலவசம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் அக்காவின் கணக்கில் ஹில்டன் புள்ளிகள் சும்மா கிடக்கின்றனவா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த நிறுவனம் உறவினர், நண்பர்களின் புள்ளிகளை ஒரே கணக்கில் திரட்டக் கட்டணமின்றி அனுமதிக்கிறது. குறைகிற அளவை மட்டும் வாங்கினால் போதும்.

பணம் கட்டுமுன், உங்கள் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு இயக்கப்பட்டுள்ளதா என்று வங்கியிடம் கேளுங்கள். நாணயமாற்றில் வங்கி சேர்க்கும் கட்டணத்தையும் அப்போதே கேட்டு மேற்சொன்ன கணக்கில் கூட்டுங்கள்; அது 3 வீதமாயின் 175 டொலர் 180 டொலராகும். விற்பனையைப் பெரும்பாலும் ஹோட்டல் நிறுவனத்தின் சார்பில் இன்னொரு நிறுவனம் நடத்துவதால், அட்டை அறிக்கையில் ஹோட்டலின் பெயர் வராவிட்டாலும் பதறத் தேவையில்லை. ஆனால் வாங்கும் பக்கத்துக்கு உங்கள் உறுப்பினர் கணக்கின் வழியாகவே செல்லுங்கள். முகநூலில் மலிவாகப் புள்ளி விற்பவர்களிடம் வாங்கினால், புள்ளிகளோடு கணக்கும் பறிபோகலாம்.

புள்ளிகள் வந்து சேர்ந்ததும் அறையை உடனே பதிவு செய்துவிட வேண்டும். அறை கேட்கும் புள்ளிகள் நாளுக்கு நாள் மாறலாம். வாங்கிய புள்ளிகளுக்குப் பணம் திருப்பித் தரப்படுவதில்லை. பயணம் தடைப்பட்டால் குறித்த நேரத்துக்குள் பதிவை இரத்துச் செய்து புள்ளிகளைக் கணக்குக்கு மீட்கலாம், ஆதலால் அந்தக் கெடுவைத் தொலைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். மூன்றாவது ஆளுக்கான கட்டணம், மேலதிகக் கட்டில், காலை உணவு ஆகியவை புள்ளிகளுக்குள் அடங்காமல் போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களின் வயதைக் குறிப்பிட்டு ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.