பதில் வராத வாடிக்கையாளரைத் தொடரும்போது செய்யக்கூடாதவை

விலை கேட்டு ஆர்வமாக எழுதுவார்கள். நாமும் அன்றைக்கே அனுப்பிவிடுவோம். அப்புறம் ஒரு வார்த்தை வராது. சிங்கப்பூரில் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் சம்பாதிக்கிற பலருக்கு இது தெரிந்த கதைதான். அந்த மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

நம்மிடம் விலை கேட்டவரே முடிவெடுப்பவராக இருப்பது அபூர்வம். அவர் மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கலாம், நிதிப் பிரிவு கேட்ட இன்னும் இரண்டு விலைகளுக்காகக் காத்திருக்கலாம். அரசாங்கத்தின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. பிப்ரவரியில் பேசிய வேலை ஏப்ரலில் வரும் புதிய ஒதுக்கீட்டுக்காக நிற்பது உண்டு. சீனப் புத்தாண்டு வாரமும் டிசம்பர் பள்ளி விடுமுறையும் பதில் எதிர்பார்க்கும் காலமே இல்லை. தமிழ் அமைப்புகள் என்றால் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வேலையில் மூழ்கியிருப்பார்கள்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, யாரும் கேட்காமலே விலையைக் குறைப்பது. இரண்டாவது மின்னஞ்சலிலேயே "விலை அதிகம் என்று நினைத்தால் குறைத்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். விலை அதிகம் என்று அவர் சொல்லவே இல்லையே! 600 வெள்ளி என்று சொன்னதை அவர் வாய் திறக்காமலே 450 ஆக்கினால், முதலில் சொன்ன விலை உண்மையில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். அடுத்த முறையும் அவர் பேசாமல் இருந்து பார்ப்பார். பணம் போதாது என்று அவரே சொன்னால் வேலையின் அளவைக் குறைத்துப் பேசுங்கள்: நான்கு கட்டுரைக்குப் பதில் மூன்று, இரண்டு திருத்தத்துக்குப் பதில் ஒன்று.

"என் மின்னஞ்சலைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்பதும் பயனில்லை. பார்த்திருப்பார், சொல்ல முடிவுதான் இருக்காது. சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்:

"வணக்கம். செப்டம்பர் இதழுக்கான நான்கு கட்டுரைகள் பற்றிப் பேசியிருந்தோம். ஆகஸ்ட் முதல் வாரத்தை அதற்காக ஒதுக்கியிருக்கிறேன், இந்த வெள்ளிக்கிழமைவரை வைத்திருக்க முடியும். வேலை தொடர்கிறதா, தள்ளிப்போகிறதா, வேண்டாமா என்று ஒரு வரி எழுதினால் போதும்."

தேதியை உண்மையிலேயே ஒதுக்கியிருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே அனுப்பினால் விலை விவரமும் கூடவே போகும், அவர் அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பிவிடலாம். முதல் நினைவூட்டலுக்கு ஒரு வாரம், அடுத்ததற்கு இரண்டு வாரம், பிறகு ஒரு கடைசி மடல். அதற்கு மேல் வேண்டாம்.

அவர் வாட்ஸ்அப்பில் பேசாதவர் என்றால் நீங்கள் அங்கே போகாதீர்கள், இரவு பத்து மணிக்கு நிச்சயமாக வேண்டாம். நம் தமிழ் வட்டம் சின்னது. "அண்ணே, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று பொதுவான நண்பரைத் தூது அனுப்புவது சுலபமாகத் தோன்றும். ஆனால் அது அந்த அலுவலரை நாலு பேர் முன் நிற்கவைத்த மாதிரி ஆகிவிடும். வேலை கைக்கு வந்தாலும் அந்த மனக்கசப்பு போகாது.

ஒப்புதல் வரும் முன்பே நல்லெண்ணத்துக்காக எழுதத் தொடங்குவதையும் விட்டுவிடுங்கள்.

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வரும் மௌனம் வேறு விஷயம். அது கடன். அங்கே தயக்கம் தேவையில்லை, தேதி குறித்துக் கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு தொகைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். "சரி, தொடங்குங்கள்" என்று அவர் எழுதிய அந்த ஒரு வரி மின்னஞ்சல் அங்கே முக்கியமான சான்றாகும். வாய்ப்பேச்சில் சம்மதம் கிடைத்தாலும், அன்றைக்கே அதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.