கயாக்ல ஏறுறதுக்கு முன்னாடி மரத்தைப் பார்க்கக் கத்துக்கங்க

கோத்தகிரிப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துக்குக் கீழ ஒரு ஓடை ஓடுது. மார்ச் மாசத்துலயும் வத்தாது, ஏன்னா மேல இருக்கிற சோலையும் புல்வெளியும் மழைக்காலத்துல குடிச்சு வெச்ச தண்ணியை ஊத்து ஊத்தா வருஷம் பூரா கசிய விட்டுட்டே இருக்கு. அதுல ஒரு சீகை மரம் குறுக்க விழுந்து கிடக்கு. போன வருஷம் தண்ணி மொள்ளப் போன இடத்துல கையில இருந்த பிளாஸ்டிக் குடம் நழுவி ஓடிருச்சு, சரி மரத்துல தட்டி நிக்கும், எடுத்துக்கலாம்னு மெதுவாத்தான் இறங்கினேன். குடம் மரத்துல தட்டுச்சு, ஒரு செகண்ட் நின்னுச்சு, அப்புறம் வாயைச் சாய்ச்சுத் தண்ணியைக் குடிச்சு பொசுக்குன்னு அடியில போயிருச்சு. அந்தப் பக்கம் வெளிய வரவே இல்ல. கீழ கிளையெல்லாம் கொத்தா இருக்கு, அதுல சிக்கி நசுங்கிக் கிடந்ததை நாலு நாள் கழிச்சு தண்ணி குறைஞ்சப்பதான் பார்த்தேன்.

டீ வடிகட்டி மாதிரின்னு நினைச்சுக்கங்க. தண்ணி போகும், தூள் நிக்கும். ஆத்துல நாமதான் தூள். கயாக், அதாவது உக்காந்து துடுப்பு போடுற ஒடுக்கமான சின்னப் படகு, ஓட்டுறவங்க இப்படித் தண்ணியில விழுந்து கிடக்கிற மரத்தை ஸ்ட்ரெய்னர்னு சொல்வாங்க, அருவி, சுழி எல்லாத்தையும் விட இதுக்குத்தான் பயப்படுவாங்க. பாறையில மோதுற தண்ணி திரும்பி ஒரு மெத்தை மாதிரி உங்களை ஓரமாத் தள்ளிவிடும், மரத்துல அந்த மெத்தையே கிடையாது, நேரா உள்ள இழுக்கும்.

ஊத்து ஆறுன்னா இன்னும் மோசம். அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்துல மெட்டோலியஸ்னு ஒரு ஆறு இருக்கு, ப்ளாக் பட்னு ஒரு மலை அடிவாரத்துல ஊத்துலருந்து கிளம்புது. தண்ணி கண்ணாடி மாதிரி, ஐஸ் மாதிரி குளிரு, வருஷம் பூரா ஏறக்குறைய ஒரே அளவுல ஓடும். பெரிய வெள்ளம் வந்து அடிச்சுட்டுப் போறது இல்லைங்கறதால விழுந்த மரம் விழுந்த இடத்துலயே கிடக்கும், அது மேல புல்லு, செடி எல்லாம் முளைச்சு நிக்கும். பார்க்க அழகு, ஆனா தண்ணி தெளிவா இருக்குன்னு நம்பி உள்ள போனா மாட்டிக்குவீங்க. நம்ம மலையில கதை வேற, இங்க ஒரே மழை எல்லாத்தையும் இடம் மாத்திரும். 2019 ஆகஸ்ட்ல இங்க நீலகிரியில அவலாஞ்சிங்கற ஊர்ல ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழையில சீகையும் கற்பூர மரமும் மண்ணோட சரிஞ்சு ஆத்துக்கு வந்துரும். சீகைக்கு வேர் ஆழம் கிடையாது, ஈர மண்ணுல நிக்காது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், மாயாறுல போட் இறக்கலாமான்னு கேக்காதீங்க. அது புலிகள் காப்பகத்துக்குள்ள ஓடுது, அனுமதி கிடையாது, முதலை வேற இருக்கு. பைக்காரா, குந்தா அணைகளுக்குக் கீழயும் வேண்டாம், கரண்ட்டுக்குத் தண்ணி திறந்து விட்டா கொஞ்ச நேரத்துல ஏறிரும்.

ஸ்டெப் 1, கரையில உக்காருங்க. ஒரு அரை மணி நேரம் சும்மா பாருங்க. வளைவோட வெளிப்பக்கம், ஆத்து நடுவுல இருக்கிற திட்டோட மேல்முனை, பாலத்தூணு, இந்த மூணு இடத்துலதான் மரம் சேரும், ஏன்னா வேகமான தண்ணி அங்கதான் போய் முட்டுது. தண்ணிக்கு மேல ஒரு குச்சி மட்டும் ஆடிட்டே இருந்தா கீழ முழு மரம் இருக்குன்னு வெச்சுக்கங்க.

ஸ்டெப் 2, வேகம் பாருங்க. கரையில 10 மீட்டர் அளந்துக்கிட்டு ஒரு காஞ்ச இலையைப் போட்டு செகண்ட் எண்ணுங்க. 5 செகண்ட்ல கடந்தா நீங்க நடக்கிறதைவிட வேகம். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற பலம் நாலு மடங்கு, அதனால இடுப்பளவு தண்ணிதானேன்னு நினைக்காதீங்க.

ஸ்டெப் 3, இதுதான் முக்கியம், நீச்சல் குளத்துல பழகுங்க. ஒரு பி.வி.சி. பைப்பைத் தண்ணி மட்டத்துல குறுக்க ரெண்டு பேர் பிடிச்சுக்கட்டும், அதுதான் விழுந்த மரம்னு வெச்சுக்கங்க. சாதாரணமா ஆத்துல விழுந்தா மல்லாந்து, காலை முன்னால நீட்டி, விரலை மேல தூக்கி மிதக்கணும்னு சொல்லித் தருவாங்க. சரிதான், ஆனா மரத்துக்கு முன்னாடி அப்படிப் போனா கால்தான் முதல்ல கீழ போகும், என் குடம் மாதிரி. முதல்ல ஓரமா நீந்தித் தப்பிக்கப் பாருங்க, முடியலைன்னா கவுந்து படுத்து, தலையை மரத்துப் பக்கம் வெச்சு, வேகமா மரத்தை நோக்கியே நீந்தி, தொட்ட உடனே கையை ஊனிக் காலை உதைச்சு மேல ஏறிருங்க. நான் முதல் தடவை ஏறவே இல்ல, வயிறு பைப்புல மாட்டி நின்னுட்டேன், புடிச்சிருந்த பசங்க சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம். பத்துத் தடவையாவது செய்யுங்க.

கயாக்ல உக்காந்தபடியே பக்கவாட்டுல மரத்துல போய் ஒட்டிட்டா உடம்பு பயத்துல மேல்பக்கமா, தண்ணி வர்ற பக்கமா சாயும். அதான் தப்பு, சாய்ஞ்ச ஓரத்துல தண்ணி ஏறி கவுத்துரும். மரத்துப் பக்கமே சாய்ங்க, கட்டிப்பிடிங்க, அப்படியே அது மேல ஏறப் பாருங்க.

லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில் எல்லாம் உங்களுக்கே தெரியும். தொங்குற வார், கயிறு எதுவும் இருக்கக் கூடாது, கிளையில மாட்டும். எக்காரணம் கொண்டும் உடம்புல கயிறைக் கட்டிட்டு இறங்காதீங்க. துடுப்பை நெட்டா தூக்கினா வா, படுக்கையா பிடிச்சா நில்லு, மூணு விசில்னா ஆபத்து. இதைக் கூட வர்றவங்களோட முன்னாடியே பேசி வெச்சுக்கங்க.

தண்ணியில இறங்கினப்புறம் ஒரே ரூல்தான்: வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியலையா, இந்தப் பக்கமே ஒதுங்கு. பெரிய பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி மேல் நோக்கி வரும், எடின்னு சொல்வாங்க, அதுல நின்னு, இறங்கி, நடந்து போய்ப் பாத்துட்டு வாங்க. வழி இல்லைன்னா கயாக்கைத் தோள்ல போட்டுட்டு கரையோட நடங்க. நான் பாதி நாள் நடந்திருக்கேன், சட்டையெல்லாம் முள்ளுக் கிழிச்சதுதான் மிச்சம்.

மழைக்காலத்துல கேரளாப் பக்கம் கோடஞ்சேரிக்குப் போய் பழகலாம்னு இருக்கிறவங்க, வழிகாட்டிகிட்ட போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. இன்னிக்குக் காலையில யாராவது மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாங்களா, எங்க மரம் விழுந்து கிடக்குன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா அன்னைக்குக் கரையில உக்காந்து டீ குடிங்க.