சிறுவர் கதையை மாற்றி எழுதக் கொடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இன்று தாத்தா, பாட்டி. ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. பல லயங்கள் இருந்த சுவடே இல்லை. அந்த வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ கதை எழுதுகிறவர்களை நம் வட்டாரத்தில் பார்க்கிறேன். நெஞ்சு நிறைகிறது. எழுதி முடித்ததும் அவர்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. “எனக்கு முறையாக எழுத வராது. தெரிந்தவரிடம் காசு கொடுத்து மாற்றி எழுதி வாங்கிவிடலாமா?”

தாராளமாகச் செய்யலாம். சிறுவர் எழுத்தில் பழகிய ஒருவரின் கை பட்டால் கதை நன்றாகத் தேறும். ஆனால் கொடுக்கும் முறை தவறினால் காசும் போகும், கதையும் போகும். திரும்பி வருவது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய ஒன்றாக இருக்கும்.

“கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்”

இப்படிச் சொல்லிக் கொடுப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ஏனென்றால் இதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பிழைதிருத்துபவர் ஒற்று, சந்தி, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி ஆகியவற்றைச் சரிசெய்வார்; கதையைத் தொடமாட்டார். செம்மைப்படுத்துபவர் வாக்கியங்களைச் சீராக்குவார், சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்களை வெட்டுவார். மாற்றி எழுதுபவர் கதையின் அமைப்பிலேயே கை வைப்பார்: எங்கே தொடங்குவது, யார் கண் வழியாகச் சொல்வது, எந்தப் பாத்திரம் வேண்டாம், எங்கே முடிப்பது என்பது வரை மாறும். மூன்றுக்கும் கூலி வேறு, ஆகும் காலமும் வேறு. முதலாவதை மனத்தில் வைத்துக்கொண்டு கொடுத்தவருக்கு மூன்றாவது திரும்பி வந்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். எது வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கூலியைச் சொல் கணக்கில் பேசினால் எச்சரிக்கையாக இருங்கள். தமிழில் ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று பிரித்தால் மூன்று. ஒரே கதை இரண்டு பேர் கணக்கில் இரண்டு தொகை காட்டும். சிறுவர் கதை சிறியதுதானே, முழுக் கதைக்கும் சேர்த்து ஒரு தொகை பேசுவதே இரு பக்கத்துக்கும் நல்லது.

வயதைச் சொல்லாமல் விடுவது

“சிறுவர்களுக்கான கதை” என்பது போதாது. பாலர் பள்ளிப் பிள்ளைக்குப் பெரியவர்கள் வாசித்துக் காட்டும் படக்கதையும், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை தானே படிக்கும் கதையும் ஒன்றாக முடியாது. படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள். பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது 8 அல்லது 16 பக்கங்களாக வருவதால் இந்தக் கணக்கு. ஆங்கிலப் படக்கதைகளில் மொத்தச் சொற்கள் பெரும்பாலும் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். சொற்கள் ஒட்டி நிற்கும் தமிழில் அதே கதைக்கு இன்னும் குறைவான சொற்கள் போதும். நீங்கள் 3,000 சொற்களில் எழுதிவிட்டுப் படக்கதை வேண்டும் என்றால், மாற்றி எழுதுபவர் மூன்றில் இரண்டு பங்கை வெட்டித்தான் ஆக வேண்டும். அது அவர் குற்றமில்லை. எதை வெட்டக் கூடாது என்று நீங்கள் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்காத கதையைக் கொடுப்பது

காசு கொடுப்பதற்கு முன்னால் கதையைச் சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். உங்கள் சொந்தப் பேரப்பிள்ளைகளிடம் மட்டும் வாசித்தால் பயனில்லை. தாத்தா எழுதியது என்பதாலேயே அவர்களுக்குப் பிடித்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மகாத்மா காந்தி கலாசாலையில் பேரனோடு படிக்கும் தோழர்கள் என்று மூன்று நான்கு பேரை உட்கார வைத்து, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கதையைக் கேட்காதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் ஒருவன் காலை ஆட்டத் தொடங்குகிறான், எந்த இடத்தில் “அப்புறம்?” என்று கேட்கிறாள், எந்தச் சொல்லுக்கு “அப்படின்னா என்ன தாத்தா?” என்று நிறுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி எழுதுபவருக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த குறிப்பு அதுதான். “நன்றாக இருக்கும்படி செய்யுங்கள்” என்றால் அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். “நான்காம் பக்கத்தில் பிள்ளைகள் கவனம் சிதறுகிறது” என்றால் நேராக அங்கே போவார்.

பெயரைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

மேடையில் கவிதை வாசிப்பவர், நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர், பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவர் ஆகிய எல்லாரும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் சிறுவர் கதை வேறு வேலை. அவர் பிள்ளைகளுக்காக எழுதியது எது என்று கேட்டு, அதை ஒரு பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். பிறகு உங்கள் கதையிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மாதிரிக்கு மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்துக்கும் கூலி கொடுங்கள். இனாமாகக் கேட்பது முறையில்லை. தொடக்கப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். அதை எல்லாரும் அழகாகவே எழுதிவிடுவார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பக்கத்தைக் கொடுத்தால் உண்மை தெரியும். நீங்கள் எழுதிய பாட்டி “ஏன்டா கண்ணு, சாப்பிட்டியா?” என்கிறார். திரும்பி வந்த பக்கத்தில் “பேரனே, நீ உணவு உண்டாயா?” என்று இருந்தால், அவரிடம் முழுக் கதையையும் கொடுக்க வேண்டாம். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு பேச்சாகவே இருக்கட்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பள்ளி நூலகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பேச்சுத்தமிழை எவ்வளவு வைப்பது என்று தனியாக யோசிக்க வேண்டியிருக்கலாம். அந்த முடிவையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

தோட்டம் தெரியாதவரிடம் குறிப்பில்லாமல் கொடுப்பது

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கோலாலம்பூரில் வளர்ந்தவரோ சென்னையில் இருப்பவரோ உங்கள் கதையை எடுத்தால், காட்சிக்கு உயிர் கொடுக்க நினைத்து அவர் சேர்க்கும் விவரம் தோட்டத்தில் நடக்காததாக இருந்துவிடும். மாலை வெயிலில் அம்மா பால்மரம் வெட்டுவதாக, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதாக எழுதுவார். பால் வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்தில் ஆணியால் துளை போட்டதாக எழுதுவார். பட்டையில் உளியால் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாகச் சீவுவதுதான் முறை. மார்கழிக் குளிரைக் கொண்டுவருவார். பேராக்கில் ஆண்டுக் கடைசி மழைக்காலம். ரப்பர் மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச் வாக்கில். காய் வெடிக்கும் ‘பட்’ என்ற சத்தமும், கொட்டை பொறுக்க ஓடும் பிள்ளைகளும் கேட்டுப் பழகாதவர் எழுத்தில் எப்படி வரும்?

விவரப் பிழையைக்கூடத் திருத்திவிடலாம். உணர்வு மாறிப்போவதுதான் பெரிய இழப்பு. உங்கள் கதையில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழையென்றால் பால் வெட்டு இல்லை. அம்மா இன்று வீட்டில் இருப்பார் என்று பிள்ளைக்குக் கொண்டாட்டம். வருமானம் போயிற்றே என்று அம்மாவுக்குக் கவலை. ஒரே மழையில் இரண்டு மனம். இதை அறியாதவர் அந்தப் பக்கத்தைக் காகிதக் கப்பல் விடும் காட்சியாக மாற்றிவிடுவார். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அங்கே இருக்காது.

இன்னொன்று. செம்பனைத் தோட்டங்களில் எலிகள் குலையைக் கடித்துத் தின்று சேதம் செய்யும். அவற்றைக் கட்டுப்படுத்த ஆந்தைகளுக்குக் கூண்டுப் பெட்டி வைத்து வளர்ப்பது மலேசியாவில் வழக்கம். இன்றைய தோட்டத்துப் பிள்ளைக்கு ஆந்தை ஒரு காவல்காரப் பறவை. உங்கள் கதையின் நாயகனே ஆந்தையாக இருக்கலாம். ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று பழகிய ஒருவர் அதைப் பேய்க்கதைப் பறவையாக்கிவிட்டால் என்ன செய்வது?

வழி எளிது. கதையோடு ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். எந்த ஆண்டுகளில் நடக்கிறது, ரப்பரா செம்பனையா, வீட்டில் யார் யார், எத்தனை மணிக்குப் பிரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு), பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது. மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய பால்), பிரட்டு போல எந்தச் சொற்களை மாற்றவே கூடாது என்று ஒரு பட்டியல். பழைய புகைப்படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். கடைசியாக ஒரு வரி: “முடிவில் நீதி சேர்க்க வேண்டாம்.” இதைச் சொல்லாவிட்டால், ‘ஆகவே பிள்ளைகளே…’ என்று தொடங்கும் ஒரு பத்தி வந்து ஒட்டிக்கொள்ளும். நம்மிடையே அது அவ்வளவு ஊறிப்போன பழக்கம்.

வாய்ப்பேச்சில் முடிப்பது

தெரிந்தவர்தானே என்று வாட்ஸ்அப் குரல்பதிவோடு விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவரைக் கேட்டு எழுதி வாங்கும் படைப்பின் உரிமை, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, எழுதச் சொன்னவருக்கு மாறியதாகக் கருதப்படும். ‘வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை’ என்ற இடத்தில்தான் பிற்பாடு வழக்கே வரும். எழுதித் தருபவர் வேறு நாட்டில் இருந்தால் சிக்கல் கூடும். எனவே உரிமை யாருக்கு, அட்டையில் யார் பெயர், அவர் பெயரை எங்கே எப்படிப் போடுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் உழைப்புக்கு உள்பக்கத்தில் பெயர் போடுவது மரியாதை. அதைத் தர மறுக்காதீர்கள். இங்கே பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நிற்கும். உங்களுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் கையில் இருக்கப்போகும் தாள் அது. விருப்பப்பட்டால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்பைப் பதிவுசெய்தும் வைக்கலாம்.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்காமல், தொடக்கத்தில் ஒரு பங்கு, முதல் படி வந்ததும் ஒரு பங்கு, நீங்கள் ஒப்புக்கொண்டதும் மீதி என்று பிரியுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவார் என்பதும் தாளில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவாரா என்றும் வெளிப்படையாகக் கேளுங்கள். பயன்படுத்துவது உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்பது வேறு விஷயம். தெரியாமல் நடக்கக் கூடாது. திருத்தங்கள் தெரியும்படி, யூனிகோட் எழுத்துருவில் வேர்ட் கோப்பாக வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் நாளைக்கு ஒரு சொல்லை மாற்றவும் அவரிடமே போக வேண்டும். உங்கள் முதல் பிரதியைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

“மாற்றி எழுதித் தருகிறேன், புத்தகமும் போட்டுத் தருகிறேன், பள்ளிகள் வாங்கும்” என்று சேர்த்துச் சொல்பவரிடம் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள். பள்ளிகள் வாங்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை மலேசியத் தேசிய நூலகம் இலவசமாகவே வழங்குகிறது. அதற்கென்று பெருந்தொகை கேட்டால் விவரம் கேளுங்கள்.

படத்தை முதலில் வரைவது

ஆர்வத்தில் பலர் ஓவியரிடம் முதலில் போய்விடுகிறார்கள். கதை மாறினால் படம் வீண். உரை முழுதாக முடிந்து, பக்கம் பக்கமாகப் பிரித்த பிறகே ஓவியருக்குக் கொடுங்கள். ஓவியருக்கும் அந்தத் தோட்டக் குறிப்பைத் தாருங்கள்.

முடிந்த படியைக் கடைசித் தவணை கொடுக்கும் முன் இரண்டு பேர் காதில் போடுங்கள். ஒருவர் உண்மையிலேயே பால் வெட்டிய பெரியவர். இன்னொருவர் முன்பு கேட்ட பிள்ளைகளில் ஒருவர். பெரியவர் “இப்படி நடக்காதே” என்று சொல்லும் இடத்தையும், பிள்ளை பழையபடி காலை ஆட்டும் இடத்தையும் திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிறகு அச்சகம் தரும் மாதிரிப் படியில் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருள் தமிழுக்கு ஏற்ப அமைக்கப்படாவிட்டால் அப்படிச் சிதறும். அதைப் பார்த்த பிறகே ஒப்புதல் கையெழுத்துப் போடுங்கள்.