பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டு ஜெனரேட்டருக்குப் பழைய தண்ணீர் கேனில் பெட்ரோல் வாங்கி வருபவர்கள் கவனிக்க வேண்டியது இது. குழாயில் பாயும்போதே பெட்ரோலில் மின்னேற்றம் சேர்கிறது. பிளாஸ்டிக் அதைத் தரைக்குக் கடத்தாது; எர்த் வயர் சுற்றினாலும் பயனில்லை. உலர்ந்த துணியால் கேனைத் துடைத்தால்கூட மின்னேறும். அந்த மின்னேற்றம் பொறியாகத் தாவினால் ஆபத்து: பெட்ரோல் ஆவி பற்ற சுமார் 0.2 மில்லிஜூல் என்ற மிகச் சிறிய ஆற்றலுள்ள பொறி போதும், கண்ணில் படாமலே போகலாம். பங்குனி வறட்டுக் காற்றில் இன்னும் மோசம்.

மூடியுள்ள உலோக கேன் எடுங்கள். வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் வெறும் தரையில் இறக்குங்கள். பங்க் குழாயின் நாசில் கேன் வாயைத் தொட்டபடியே இருக்க, பெட்ரோல் மெதுவாக இறங்கட்டும். மேலே கொஞ்சம் காலியிடம் வேண்டும். ஜெனரேட்டரை அணைத்து, ஆறிய பிறகே ஊற்றுங்கள், உலோகப் புனல் கேனையும் ஜெனரேட்டர் டேங்கையும் தொட்டிருக்க. பட்டுச் சட்டையோடு இந்த வேலைக்குப் போகாதீர்கள்.